பயப்படுகிற நாளில் என்ன செய்வது? விசுவாசத்தோடு அச்சத்தைக் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருமலையில், அதாவது திருகோணமலையில், பயத்துக்குக் காரணம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உப்புவெளியிலும் சல்லியிலும் கிண்ணியாவிலும் இன்னும் இருக்கிறார்கள். 2006இல் போருக்குப் பயந்து உடுத்த உடுப்போடு மூதூரை விட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கோயிலுக்குப் போனால் வாசல் பக்கமாகவே இடம் பார்த்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். இவை போக, எல்லா ஊரிலும் உள்ள பயங்களும் இங்கே உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட், கட்டி முடியாத கடன், பிள்ளையின் பரீட்சை, வெளிநாட்டில் இருக்கும் மகன் போன் எடுக்காத இரவு.

சங்கீதம் 56இல் ஒரு சின்ன வரி இருக்கிறது: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." அப்படி ஒரு நாள் வரும் என்று தாவீதுக்குத் தெரிந்திருக்கிறது. பெலிஸ்தர் அவரைக் காத் ஊரில் பிடித்த சமயத்தில் பாடியது என்று சங்கீதத்தின் தலைப்புச் சொல்கிறது. அதை ஒட்டிய சம்பவம் 1 சாமுவேல் 21இல் வருகிறது, வாசித்துப் பாருங்கள். காத் ராஜாவுக்கு மிகவும் பயந்த தாவீது பைத்தியக்காரன் போல நடித்தார். வாசற்கதவுகளில் கீறினார், தாடியில் எச்சில் வடியவிட்டார், அப்படியே தப்பினார். கடவுளை நம்பியவரும் அவர்தான், எச்சில் வடித்தவரும் அவர்தான். ஜெபமும் புத்தியும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருந்தன. நம்முடைய சபைகளில் இந்த இரண்டையும் பிரித்துவிட்டோம் என்பதுதான் என் குறை. இங்கே சொல்லப்போகும் படிகள் இரண்டையும் திரும்பச் சேர்த்துவைக்கிற முயற்சி.

வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பில் எழுதுகிறேன். கத்தோலிக்க வாசகர்கள் சங்கீதம் என்று வரும் இடத்தில் திருப்பாடல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒதுக்கவேண்டிய பேச்சு

"பயப்படுகிறாயா? அப்படியென்றால் உனக்கு விசுவாசம் இல்லை." இதைச் சொல்லாத கூட்டம் கிடையாது. ஏற்கெனவே பயந்திருப்பவர் இதைக் கேட்டதும் பயத்தோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குகிறார். அடுத்த முறை யாரிடமும் சொல்லமாட்டார்.

வேதத்தில் இருப்பது வேறு. கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதுகிறார். இத்தனை சபைகளை நிறுவிய பவுல், மக்கெதோனியாவுக்கு வந்தபோது தன் நிலை என்ன என்பதை ஒளிக்காமல் கொரிந்தியருக்கு எழுதினார்: "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன." இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இன்னொன்று, "பயப்படாதே" என்று வேதத்தில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று, என்ற பிரசங்கக் கணக்கு. எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. நிறையத் தடவை சொல்லப்பட்டிருக்கிறது என்றால், கேட்டவர்கள் நிறையத் தடவை பயந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

முதலாம் படி: எந்தப் பயம் என்று எழுதுங்கள்

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற அளவில் நின்றுவிட்டால் அதை வைத்து ஜெபிக்கவும் முடியாது, வேலை செய்யவும் முடியாது. ஒரு கொப்பியை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "கணவர் வாடைக் காலத்தில் கடலுக்குப் போனால் திரும்பி வரமாட்டார் என்று பயப்படுகிறேன்." "அந்தக் கட்டி புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன்." இந்த அளவுக்குத் துல்லியமாக வேண்டும்.

அப்புறம் அது எந்த வகை என்று பாருங்கள். சில பயங்களுக்குக் காரணம் கண்முன்னே நிற்கிறது. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை கிழக்குக் கடல் கொந்தளிப்பது உண்மை. அதற்குப் பயப்படுகிற மனைவிக்கு மூளை சரியாக வேலைசெய்கிறது. சில பயங்கள் நடந்துமுடிந்தவற்றின் நினைவு. திருவிழா வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போகிறவரின் உடம்பு இன்னும் பழைய ஆண்டுகளில் இருக்கிறது. சில நாளையைப் பற்றிய கற்பனை. வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவைக் கேட்டுப் பிடித்துக்கொண்ட இரவல் பயமும் உண்டு. "இன்று இரவு கடல் வரப்போகிறதாம்" என்ற செய்தியை நம்பிப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிய குடும்பங்களை இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று, அதிகம் பேசப்படாதது: மனச்சாட்சியின் பயம். கடை முதலாளிக்குத் தெரியாமல் எடுத்த காசு, மனைவிக்குச் சொல்லாத கடன், மறைத்துவைத்த உறவு. இதற்கு மூச்சுப் பயிற்சியும் வசனமும் உதவாது. கத்தோலிக்கர் என்றால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். மற்றவர்கள் நம்பக்கூடிய போதகரிடம் பேசுங்கள். பிறகு காசைத் திருப்பிக் கொடுங்கள். சகேயு மனந்திரும்பியதோடு நிற்கவில்லை, நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார். அந்த வகைப் பயம் அப்படித்தான் போகும்.

இரண்டாம் படி: முதலில் உடம்பைக் கவனியுங்கள்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து எலியா வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, செத்துப்போனால் போதும் என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறார். தேவதூதன் வருகிறான். கண்டிக்கவில்லை, பிரசங்கம் செய்யவில்லை, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதன் மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலையில் கடவுள் பேசியது அதற்குப் பிறகுதான், நாற்பது நாள் நடைக்குப் பிறகு.

பயத்தில் இருப்பவர் சாப்பாட்டை விடுகிறார், தூக்கத்தை விடுகிறார், பிளேன்டீயை மட்டும் விடாமல் குடிக்கிறார். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள காஃபீன் படபடப்பைக் கூட்டும். ஆகவே பின்னேரத்துக்குப் பிறகு தேநீர் வேண்டாம். இரவுச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். உபவாச ஜெபம் நல்லதுதான், ஆனால் மூன்று நாள் தூங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு உபவாசம் சொல்லுகிறவர் எலியாவின் கதையை வாசிக்கவில்லை.

திடீரென்று நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு முட்டி, இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றுகிற பீதித் தாக்கம் வந்தால் இப்படிச் செய்யுங்கள். உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படட்டும். மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் "இயேசுவே" என்று சொல்லுங்கள். இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து மூச்சை விடும்போது "எனக்கு இரங்கும்" என்று சொல்லுங்கள். எரிகோ வழியோரத்தில் குருடன் பர்திமேயு கத்திய சொற்கள் இவை. கிழக்குத் திருச்சபையின் துறவிகள் பல நூற்றாண்டுகளாக இதே போன்ற குறுஞ்செபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லி வந்திருக்கிறார்கள். இந்தத் தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். அதை நிறுத்தப் போராடத் தேவையில்லை. இறங்கும்வரை ஜெபத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும்.

செபமாலை சொல்லிப் பழகியவர்கள் அதையே எடுக்கலாம். 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், செபமாலையை லத்தீனில் சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தடவையாகக் குறைந்ததையும், அது இதயத்துக்கு நல்லது செய்ததையும் பதிவுசெய்தார்கள். நம் பாட்டிமாருக்கு ஆய்வு தெரியாது, செபமாலை சொன்னால் நெஞ்சு அடங்கும் என்பது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலி முதல் தடவையாக வந்தால், அதுவும் இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், பீதி என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் படி: முறையிடுங்கள்

நம் ஊரில் ஜெபம் என்றால் ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடியவேண்டும் என்று பழக்கிவிட்டார்கள். பயந்துபோன மனிதனுக்கு அது பொய்ச் சாட்சியாகத் தோன்றும், வாய் வராது. சங்கீதங்களைத் திறந்து பாருங்கள், முறையீடுகளே நிறைந்து கிடக்கின்றன.

சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். கிட்டத்தட்டச் சண்டை. அடுத்த இரண்டில் என்ன வேண்டும் என்று சொல்கிறார். கடைசி இரண்டில்தான் நம்புகிறேன் என்கிறார். இந்த மூன்று பகுதியை அப்படியே எடுத்து உங்கள் ஜெபத்தை எழுதலாம். கடலுக்குப் போனவருக்காகக் காத்திருக்கும் ஒருவர் இப்படி எழுதக்கூடும்:

"ஆண்டவரே, எத்தனை இரவு நான் இப்படி விழித்திருப்பது? நேற்று நாலு மணிக்கு வரவேண்டிய படகு ஏழு மணிக்கு வந்தது, அந்த மூன்று மணிநேரம் நீர் எங்கே இருந்தீர்? அவரைப் பத்திரமாகக் கரை சேர்த்துவிடும். எஞ்சின் பழுதாகாமல் பாரும். எனக்குக் கொஞ்சம் தூக்கம் தாரும். போன வருடம் காற்றில் அகப்பட்டவரைத் திருப்பித் தந்தீர், அதை நான் மறக்கவில்லை. இன்றைக்கும் உம்மைத்தான் கேட்கிறேன்."

இதில் பக்தி மொழி இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. சத்தமாக வாசியுங்கள். வீட்டில் ஆட்கள் இருந்தால் குசினிக்குள் போய் வாசியுங்கள்.

நம்புகிறேன் என்ற கடைசிப் பகுதி வராத நாட்களும் இருக்கும். சரி, வராவிட்டால் விடுங்கள். சங்கீதம் 88 ஒரு நம்பிக்கைச் சொல்கூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். புயலில் சீஷர்கள் இயேசுவை எழுப்பிக் கேட்டது என்ன? "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" மரியாதையான ஜெபம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் எழுந்து காற்றை அதட்டினார். உங்களுக்கு ஏன் விசுவாசம் இல்லை என்று அவர்களைக் கேட்டது, மாற்கு எழுதுகிறபடி, காற்று அமர்ந்த பிறகுதான்.

நான்காம் படி: ஒரு பயத்துக்கு ஒரு வசனம்

வாக்குத்தத்த அட்டையை ஒவ்வொரு காலையும் உருவிப் பார்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உங்கள் பயத்துக்குப் பொருந்தும் வசனம் ஒன்றைத் தேடி, அதையே ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பதுதான் பயம் என்றால் ஏசாயா 41:10, "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்". நாளை என்ன ஆகுமோ என்பதென்றால் மத்தேயு 6:34, "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்". மரணம் என்றால் சங்கீதம் 23:4, "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்". எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள். பஸ்ஸில் போகும்போது சொல்லுங்கள். பயம் இல்லாத நேரத்தில் மனப்பாடமானது மட்டுமே பயம் வந்த நேரத்தில் வாயில் வரும்.

சங்கீதம் 91ஐ மட்டும் கவனமாகக் கையாளுங்கள். "பொல்லாப்பு உனக்கு நேரிடாது" என்ற அந்தச் சங்கீதத்தை வாகனத்திலும் வாசலிலும் ஒட்டுகிறோம். மத்தேயு 4இல் அதே சங்கீதத்தைச் சொல்லித்தான் பிசாசு இயேசுவைத் தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். அவர் குதிக்கவில்லை. ஒன்றும் நடக்காது என்ற உத்தரவாதப் பத்திரமாக வேதத்தை எடுத்தால், ஏதாவது நடந்த அன்றைக்கே விசுவாசமும் சேர்ந்து போய்விடும். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்கள் ஜெபிக்காதவர்களா? உயிர்த்த ஞாயிறு காலையில் கோயிலில் இருந்தவர்கள் அவர்கள்.

அந்த இடத்தில் நிற்கக்கூடியது தானியேல் 3இல் வருகிற மூன்று வாலிபரின் பேச்சு. அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். அதோடு நிறுத்தாமல், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றும் ராஜாவிடம் சொல்கிறார்கள். உங்கள் ஜெபத்தில் இந்தச் சொல்லுக்கும் இடம் வையுங்கள். "ரிப்போர்ட் நன்றாக வரவேண்டும் ஆண்டவரே. வராமற்போனாலும் நீர் என்னோடு வாரும்." முதல் தடவை சொல்லும்போது தொண்டை அடைக்கும்.

ஐந்தாம் படி: நங்கூரம் போடுங்கள்

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் அப்போஸ்தலர் 27ஐ ஒருமுறை முழுதாக வாசிக்கவேண்டும். பவுல் கைதியாக ரோமுக்குப் போகிற கப்பல் புயலில் அகப்படுகிறது. கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் சேதமாகாது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் மாலுமிகள் தண்ணீரின் ஆழம் பார்க்கிறார்கள், பாறையில் மோதாதபடி "பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டு, பொழுது எப்போது விடியுமோ" என்று காத்திருக்கிறார்கள். சில மாலுமிகள் சிறு படகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுலே நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். பதினாலு நாளாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிடச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அப்பத்தைப் பிட்டு ஸ்தோத்திரம் பண்ணித் தானும் சாப்பிடுகிறார். வாக்குறுதி கையில் இருந்தும் செய்யவேண்டியதில் ஒன்றையும் அவர் விடவில்லை.

ஆகவே எழுதிவைத்த ஒவ்வொரு பயத்துக்கும் எதிரே, செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா என்று பாருங்கள். கடல் மறுபடி வருமோ என்று பயப்படும் குடும்பத்துக்கு நிறையவே உண்டு. 2004இல் சுமாத்ராவில் பூமி அதிர்ந்து அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணிநேரம் இருந்தது. ஆனால் இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை முறை இல்லாததால் அந்த நேரம் யாருக்கும் பயன்படவில்லை. நாடு முழுக்க 30,000க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். இப்போது எச்சரிக்கை முறை இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ரா பக்கம் மறுபடி பெரிய அதிர்வு வந்தபோது கிழக்குக் கரை மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். பெரிய அலை வரவில்லை, ஆனால் முறை வேலைசெய்தது.

உங்கள் வீட்டுக்குச் செய்யவேண்டியது இது. எந்த மேட்டுப் பகுதிக்கு, எந்த ஒழுங்கையால் நடந்து போவது என்று முடிவுசெய்து, பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பாட்டியை யார் கூட்டிக்கொண்டு போவது என்று இப்போதே பேசிவையுங்கள். வட்ஸ்அப் செய்தி வந்தால் ஓடுமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேளுங்கள். ஆனால் பூமி பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மேட்டுக்குப் போங்கள்.

கடன் பயம் என்றால் மொத்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றக் கேளுங்கள். கட்டி என்றால் கிளினிக்குக்குத் திகதி எடுங்கள். செய்வதற்கு ஒன்றுமே இல்லாத பயமும் உண்டு. அங்கே பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

ஆறாம் படி: பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள்

பயந்த இடத்தை ஒவ்வொரு தடவை தவிர்க்கும்போதும் பயம் கொஞ்சம் வளரும். இதை மனநல மருத்துவம் நன்றாக அறிந்திருக்கிறது. சிகிச்சையிலும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்: சிறிய அளவில் தொடங்கி, திரும்பத் திரும்ப.

கடற்கரைக்குப் போகவே முடியாதவர் முதல் கிழமை டச்சு வளைகுடா வீதியில் கடல் தெரிகிற தூரத்தில் நின்றால் போதும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடிக்கட்டும். மூச்சோடு ஜெபத்தைச் சொல்லுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடாதீர்கள். கொஞ்சமாவது இறங்கும்வரை நின்றுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஓடியதால்தான் தப்பினேன் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அடுத்து மணலில் நடப்பது, அப்புறம் உட்காருவது, அப்புறம் காலை நனைப்பது. ஒரு படி சலித்துப்போகிற அளவுக்கு வந்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். கூட ஒருவர் வருவது நல்லது, கையைப் பிடித்து இழுக்கிறவர் வேண்டாம்.

கோயிலுக்குள் போகப் பயப்படுகிறவருக்கும் இதுவே வழி. 2019இல் குண்டுவெடிப்புக்கு அடுத்த ஞாயிறு பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டு, கொழும்புப் பேராயர் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பேராயரே அன்று வீட்டிலிருந்துதான் பூசை வைத்தார் என்றால், வீட்டிலிருந்து தொடங்குவதில் வெட்கம் என்ன? முதலில் ஆட்கள் குறைந்த கிழமை நாளில் போங்கள். வாசல் பக்கம் உட்காருங்கள். பெருநாட் கூட்டம் கடைசியில் வரட்டும்.

ஏழாம் படி: ஒரு ஆளிடம் சொல்லுங்கள்

கெத்செமனேயில் இயேசு மூன்று பேரைக் கூட அழைத்துப்போய், தம் மனநிலையை வெளிப்படையாகச் சொல்லி, விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். கேட்டதில் அவருக்குக் குறைவு வரவில்லை.

யாரிடம் சொல்வது? பேச்சை வெளியே கொண்டுபோகாதவர், நீங்கள் சொல்லி முடிக்குமுன் வசனம் எடுக்காதவர். அது சுவாமியாக இருக்கலாம், போதகராக இருக்கலாம், மச்சாளாக இருக்கலாம். என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: "புத்தி சொல்லவேண்டாம் அக்கா, கேளுங்கள், கடைசியில் ஒரு ஜெபம் செய்யுங்கள்."

யாரிடம் போகக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். "உன்னில் பய ஆவி இருக்கிறது" என்று சொல்லி, விசேஷ ஜெபத்துக்கும் எண்ணெய்க்கும் காணிக்கை கேட்கிறவர்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்கிறவர்கள். உங்கள் சாட்சியை உங்களிடம் கேட்காமல் மேடையில் சொல்கிறவர்கள். எவ்வளவு வல்லமையான ஊழியம் என்று பேர் எடுத்திருந்தாலும் சரி, எழும்பி வந்துவிடுங்கள்.

செய்வினைப் பயம்

இதைப் படியாக எழுதாமல் தனியாக எழுதுகிறேன், எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஞாயிறு ஆராதனை, வெள்ளி ரகசியமாக நூல் கட்டுதல், இப்படி இரண்டு பக்கமும் ஓடுகிறவர்கள் நம்மில் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரோ செய்துவிட்டார்கள் என்று அயலவர்மேல் சந்தேகம், அப்புறம் பகை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மா சொல்லவில்லை.

சிலுவையில் கிறிஸ்து துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் வெற்றிகொண்டார் என்று கொலோசெயர் 2 சொல்கிறது. அதை நம்புகிறவர் செய்யவேண்டியது எளிது. காய்ச்சலுக்கு மருந்து எடுங்கள். இரவில் குடும்பமாக உட்கார்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுங்கள், "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்ற இடம் இதற்குத்தான். சந்தேகப்பட்ட அயலவரை வெறுக்காமல், பெருநாளுக்குப் பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போங்கள். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதியதை நானறிந்தவரை இதைவிட நேரடியாகச் செய்துபார்க்க வழியில்லை. பிற மதத்தவர் வழிபாட்டை இதற்குள் இழுத்துப் பேசவேண்டாம், இது நம் வீட்டுப் பிரச்சினை.

எட்டாம் படி: பயம் திரும்பி வந்தால், போகாமலே இருந்தால்

1736 ஜனவரியில், பின்னாளில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, அமெரிக்காவில் உள்ள ஜோர்ஜியாவுக்குப் போகும் கப்பலில் புயலில் அகப்பட்டார். கூட வந்த மொரேவியக் கிறிஸ்தவர்கள் அமைதியாகச் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். பயமில்லையா என்று கேட்டதற்கு, இல்லை என்றார்கள். குருவாக அபிஷேகம் பெற்றிருந்த வெஸ்லியோ நடுங்கிப்போயிருந்தார், அதைத் தன் நாட்குறிப்பில் மறைக்கவுமில்லை. அவர் தேடிய உறுதி லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் கிடைத்தது 1738 மே 24 அன்று, இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து. அவர் வழிவந்த மிஷனரிமார் 1814இல் கடல் தாண்டி இலங்கைக்கு வந்தார்கள். நம் மெதடிஸ்த பெண்கள் கல்லூரியெல்லாம் அந்த வரிசையில் வந்தவை. ஒரே இரவில் மாறவில்லையே என்று நொந்துகொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நன்றாக இருந்துவிட்டு, டிசம்பர் கடைசிக் கிழமையில் பயம் திரும்பத் தொடங்குவதும் வழமை. ஆண்டு நினைவு நாட்களை உடம்பு மறப்பதில்லை. அந்தக் கிழமைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். யார் வீட்டில் இருப்பது, நினைவுப் பூசைக்குப் போவதா இல்லையா, தொலைக்காட்சியை எப்போது அணைப்பது என்றெல்லாம்.

பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்று அதட்டாதீர்கள். என்ன பயம் என்று கேளுங்கள், அவன் சொன்ன சொற்களிலேயே ஒரு வரி ஜெபம் செய்யுங்கள், விளக்கு வேண்டும் என்றால் எரியட்டும்.

சில நிலைகளில் இந்தப் படிகள் மட்டும் போதாது. நடந்த பயங்கரம் ஒரு மாதத்துக்கு மேலும் கனவாகவும் பகலில் காட்சியாகவும் திரும்பத் திரும்ப வந்தால், வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகமுடியாமல் போனால், பயத்தை அடக்கக் குடிக்கத் தொடங்கியிருந்தால், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், மருத்துவரிடம் போங்கள். அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். எலியாவுக்குத் தூதன் அடையும் தண்ணீரும் கொண்டுவந்தான், உங்களுக்கு ஒரு டொக்டர் துண்டு எழுதித் தருவார். மாத்திரை தந்தால் ஜெபித்துவிட்டு விழுங்குங்கள். பயத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் மருந்துகளில் பல, பலன் காட்ட இரண்டு முதல் நாலு கிழமையாவது எடுக்கும், சிலருக்கு அதைவிடக் கூடவும் ஆகும். முதல் கிழமையில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதென்றால் தந்தவரையே கேட்டு, அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.